செல்லின் இடைச்சொற்கள்

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஏறத்தாழ ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை வரை நீளும். சிவந்த பழங்களை எந்திரத்தில் இட்டுத் தோலை நீக்கியபின் கொட்டைகள் தொட்டிக்குப் போகின்றன. தோலும் சதையும் வெளியே குவிகின்றன. இனிப்பும் ஈரமும் கலந்த அக்குவியல் ஓரிரு நாளில் புளிக்கத் தொடங்கும். வாடை எழுந்த சற்றைக்கெல்லாம் எள்ளளவே உள்ள ஈக்கள் அதன்மேல் மொய்ப்பதைக் காணலாம். பழக்கடையில் அளவுமீறிக் கனிந்த கொய்யாவின் மீதும், நம் வீட்டு வாழைத்தாரின் மீதும் வட்டமிடுபவை இவற்றின் உறவினர்கள்தாம். மாங்காயைத் துளைத்து முட்டையிட்டு உழவரை வதைக்கும் பழ ஈ வேறு. இவை பெரும்பாலும் நல்ல பழத்தைத் தீண்டுவதில்லை. அழுகும் பழத்தில் பெருகும் ஈஸ்ட்டை உண்டு வாழ்பவை. அறிவியலார் இக்குலத்துக்கு இட்ட பெயர் டுரோசாஃபிலா. கிரேக்கத்தில் 'பனியை விரும்புவது' என்று பொருள். ஏற்காட்டுக்குப் பொருந்தும் பெயர்தான்.

இக்குலத்தில் ஓர் இனத்தை 1830இல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் யோஹான் மெய்கன் விவரித்து, 'கருவயிறு உடையது' என்னும் பொருளில் மெலனோகாஸ்டர் என்று பெயரிட்டார். அதன் தாயகம் ஆப்பிரிக்கா. காப்பிச் செடியின் தாயகமும் ஆப்பிரிக்காதான். எத்தியோப்பிய மலைகளில் தோன்றிய அச்செடி அரபு நாட்டிலிருந்து கன்னட தேசத்துப் பாபா புடன் மலைக்கு வந்தது என்பது மரபுவழிச் செய்தி. சேர்வராயன் மலையில் அது வேரூன்றியது 1820களில், சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி.காக்பர்ன் காலத்தில். செடியை மனிதர் விரும்பிச் சுமந்து சென்றனர். ஈயோ அழையா விருந்தாளியாக மனிதர் போன இடமெல்லாம் பின்தொடர்ந்தது. இன்று உலகின் ஆயிரக்கணக்கான ஆய்வுக்கூடங்களில் கண்ணாடிக் குப்பிகளுக்குள் அது வளர்க்கப்படுகிறது.

அந்த ஈயின் கண்ணைப் பற்றியது இக்கட்டுரை. இன்னும் சரியாகச் சொன்னால், கண் உருவாகும்போது செல்களுக்கிடையே நடக்கும் உரையாடலில் நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தாதிருந்த ஒரு தரப்பைப் பற்றியது. செல்லின் புறப்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகளைச் சுமந்து நிற்கும் ஒருவகைப் புரதங்கள் அவை. புரோட்டியோகிளைக்கன்கள் என்பது அவற்றின் பெயர். தமிழ் பயிற்றுவிக்கும் ஒருவனுக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வி நியாயமானது. இவ்வரலாற்றைப் படிக்கப் படிக்க என் நினைவில் எழுந்துகொண்டே இருந்தது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இடையியல். காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

*

முதலில் கண். இந்த ஈயின் கண் செங்கல் நிறமுடையது. உருப்பெருக்கியில் பார்த்தால் அது ஒரு கண் அன்று. சுமார் 750 முதல் 800 வரையிலான சிறுகண்கள் தேனடையின் அறைகளைப் போல ஒழுங்காக அடுக்கப்பட்ட ஒரு நகரம். ஒவ்வொரு சிறுகண்ணிலும் 8 ஒளியுணர் செல்கள் உண்டு. அவற்றைச் சூழ்ந்து வில்லையை அமைக்கும் செல்கள், நிறமிச் செல்கள் என்று வேறு சில. எந்தச் சிறுகண்ணை எடுத்தாலும் அதே எண்ணிக்கை, அதே வரிசை. ஒழுங்கு இவ்வளவு கறாராக இருப்பதால் சிறு பிழையும் உடனே தெரிந்துவிடும். ஒரே ஒரு செல் குறைந்தாலும் வரிசை குலைந்து கண்ணின் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். மரபியலாளர்களுக்கு இந்தக் கண் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம். மேலும், ஆய்வகக் குப்பியில் வாழும் ஈக்குக் கண் இல்லாமலும் வாழ முடியும். எனவே கண்ணைக் கெடுக்கும் பிறழ்வுகளை அழியாமல் தலைமுறை தலைமுறையாகப் பேணலாம்.

1910இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் தம் குப்பிகளுள் ஒன்றில் வெள்ளைக் கண்ணுடைய ஓர் ஆண் ஈயைக் கண்டார். மரபணுக்கள் குரோமோசோமில் அமர்ந்திருக்கின்றன என்ற உண்மைக்கு அந்த ஓர் ஈ வாயிலாக அமைந்தது. 1915இல் மில்ட்ரெட் ஹோக் கண்ணே இல்லாத அல்லது மிகச் சிறுத்த கண்ணுடைய ஈக்களை விவரித்தார். அதற்குக் காரணமான மரபணுவுக்கு 'ஐலெஸ்' என்று பெயர். தமிழில் 'கண்ணிலி' எனலாம். இங்கே ஒரு விந்தையைக் கவனிக்கவேண்டும். அந்த மரபணுவின் வேலை கண்ணை உண்டாக்குவது. 1995இல் வால்ட்டர் கேரிங்கின் குழு சுவிட்சர்லாந்தில் அதை ஈயின் காலிலும் இறகிலும் இயங்கச் செய்தபோது அங்கெல்லாம் கண்கள் முளைத்தன. கண்ணைப் படைப்பதன் பெயர் கண்ணிலி! எது கெட்டால் எது இல்லாமல் போகிறதோ அந்த இல்லாமையையே பெயராக இடுவது ஈ மரபியலாரின் வழக்கம். இன்மையைக் கொண்டே இருப்பை அறிகிறார்கள்.

இவ்வகையில் மிகப் புகழ்பெற்ற பெயர் ஒன்று இந்தியாவில் பிறந்தது. 1973இல் புதுதில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர்.பி.சர்மா, இறகு இல்லாத ஒரு பிறழ்வைக் கண்டு அதற்கு 'விங்லெஸ்' என்று பெயரிட்டார். நம் கணக்கில் 'இறகிலி'. எம்.எஸ்.சுவாமிநாதன் 1972 வரை இயக்குநராக இருந்த அதே நிறுவனம்தான். 1976இல் சர்மாவும் வி.எல்.சோப்ராவும் இணைந்து அப்பிறழ்வைப் பற்றி விரிவாக எழுதினர். இறகு முளைக்கவேண்டிய இடத்தில் முதுகுப்புறத் திசு இரட்டிப்பாக வளர்ந்திருந்தது. 1987இல் எலியின் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய 'இன்ட்-1' என்ற மரபணுவும் ஈயின் விங்லெஸும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் என்று தெரியவந்தது. இரண்டு பெயர்களையும் ஒட்டி 'விண்ட்' என்ற பெயர் உருவானது. இன்று உலகெங்கும் புற்றுநோய் ஆய்வகங்களில் நாள்தோறும் உச்சரிக்கப்படும் அச்சொல்லின் முதலெழுத்து தில்லியின் ஓர் ஈக் குப்பியிலிருந்து போனது.

*

அதே 1976இல் கலிபோர்னியாவில் டொனால்ட் ரெடி, தாமஸ் ஹான்சன், சேமூர் பென்சர் ஆகிய மூவர் ஈயின் கண் உருவாகும் விதத்தை விளக்கிய கட்டுரையை வெளியிட்டனர். கண் புழுப்பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. புழுவின் உடலுக்குள் ஒரு சிறு பைபோல மடிந்து கிடக்கும் செல்விரிப்பு ஒன்று உண்டு. அதற்கு வட்டு என்று பெயர். முதலில் அதன் செல்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பிறகு வட்டின் பின்விளிம்பில் ஒரு பள்ளம் தோன்றி முன்னோக்கி நகரத் தொடங்கும். ஏர் ஓட்டிய நிலத்தில் சால் விழுவதுபோல என்று சொன்னால் நம் வாசகர்களுக்கு உடனே விளங்கும். ஆங்கிலத்திலும் உழவுச்சாலின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். சால் கடந்துபோன இடத்தில் சிறுகண்கள் வரிசை வரிசையாக முளைத்து நிற்கும். ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒரு வரிசை. முன்புறம் இன்னும் உழப்படாத நிலம். பின்புறம் நட்டு முடித்த வயல்.

மூவரும் கண்ட இன்னொரு செய்தி அதைவிட முக்கியமானது. ஒரு சிறுகண்ணின் 8 செல்களும் ஒரே தாய்ச்செல்லின் பிள்ளைகள் அல்ல. எந்தச் செல் எதுவாக ஆகும் என்பதை அதன் பிறப்பு தீர்மானிக்கவில்லை. அது நிற்கும் இடமும் அக்கம்பக்கமும் தீர்மானிக்கின்றன. குலம் கேட்டுப் பழகிய நம் நாட்டில் இதைப் படிக்கும்போது ஒருகணம் நிற்கத் தோன்றுகிறது.

அக்கம்பக்கம் தீர்மானிக்கிறது என்றால் அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்ளவேண்டும். அந்தப் பேச்சின் சொற்களை 1990களில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். சாலுக்குப் பின்னால் உள்ள செல்கள் 'ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பெயருக்கு முள்ளெலி என்று பொருள். அந்த மரபணு கெட்ட புழுவின் உடம்பு முழுதும் முட்கள் மண்டியிருந்ததால் அப்பெயர். ஹெட்ஜ்ஹாக் சென்று சேரும் இடத்தில் டி.பி.பி. என்ற இன்னொரு புரதம் சுரக்கிறது. இரண்டும் சேர்ந்து சாலை முன்னே உந்துகின்றன. வட்டின் இருபக்க ஓரங்களிலும் விங்லெஸ் காவல் நிற்கிறது. அங்கே சால் தொடங்காமல் தடுப்பது அதன் பணி; அது இல்லையென்றால் ஓரங்களிலிருந்தும் கண் முளைக்கத் தொடங்கிவிடும். சொல்பவை இவை. கேட்பவை செல்லின் மேல் உள்ள ஏற்பிப் புரதங்கள். சொல்வோரும் கேட்போரும் கிடைத்துவிட்டார்கள். எனவே உரையாடல் விளங்கிவிட்டது என்று எண்ணுவதற்கு இடமிருந்தது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. ஒரு செல் வெளியிட்ட புரதம் பல செல்களைத் தாண்டி எப்படிப் போகிறது? இத்தனை தூரம் போ, இதற்குமேல் போகாதே என்று அதற்கு யார் சொல்வது? ஹெட்ஜ்ஹாக், விங்லெஸ் இரண்டின் உடலிலும் கொழுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. கொழுப்பு நீரில் கரையாது. அப்படியிருக்க, செல்களுக்கிடையே உள்ள நீர்வெளியில் அவை தொலைவுக்குப் பயணம் செய்வது எவ்வாறு? இடைவெளியில் யாரோ இருக்கவேண்டும்.

*

அந்த யாரோ, உண்மையில், மருத்துவர்களுக்கு வெகுகாலம் தெரிந்தவருடைய நெருங்கிய உறவினர். 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடியபோது அதற்கு நேர்மாறாக உறையாமல் தடுக்கும் பொருள் ஒன்றைக் கண்டார். அவருடைய பேராசிரியர் வில்லியம் ஹோவெல் தம் மாணவர் எம்மெட் ஹோல்ட்டுடன் சேர்ந்து 1918இல் ஈரலிலிருந்து எடுத்த இத்தகைய பொருளுக்கு ஹெப்பரின் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ஹெப்பர் என்றால் ஈரல். இதய அறுவை சிகிச்சைக்கோ டயாலிசிஸுக்கோ உறவினரை அழைத்துச் சென்ற எவரும் இம்மருந்தின் பெயரைக் கேட்டிருப்பார்கள். அது சல்ஃபேட் செறிந்த ஒரு சர்க்கரைச் சங்கிலி என்பதை 1935இல் சுவீடனின் எரிக் யோர்ப்பெஸ் காட்டினார். 1948இல் அவரும் கார்டெலும் ஹெப்பரின் தயாரிப்பின்போது எஞ்சிய, சல்ஃபேட் குறைந்த இன்னொரு சங்கிலியை அறிவித்தனர். அதற்குப் பின்னாளில் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற பெயர் நிலைத்தது.

அதாவது, அது முதலில் வந்து நின்றதே கழிவாகத்தான். பிறகும் நெடுங்காலம் அதற்குக் கௌரவமான இடம் கிடைக்கவில்லை. செல்களுக்கிடையே உள்ள இடத்தை அடைக்கும் பொருள், ஒட்டும் பசை, பெட்டிக்குள் வைக்கும் வைக்கோல் என்ற அளவிலேயே பலரும் அதைக் கருதினர். இதற்குக் காரணம் இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் மைய நம்பிக்கையிலேயே இருந்தது என்று நினைக்கிறேன். டி.என்.ஏ. எழுத்து, புரதம் அதன் வாசிப்பு. எழுத்தைப் படித்தால் புரதம் தெரியும். சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி ஒரு மூலப்பிரதி கிடையாது. பல நொதிகள் கைமாற்றிக் கைமாற்றி அதைப் பின்னுகின்றன. ஒன்று நீட்டுகிறது, ஒன்று சல்ஃபேட்டைச் சேர்க்கிறது. ஒரே செல்லில் உருவான இரு சங்கிலிகள்கூட நீளத்திலும் சல்ஃபேட் அமைந்த இடத்திலும் வேறுபடும். எழுதப்படாததைப் படிக்கும் முறை அன்றைய உயிரியலாரிடம் இல்லை. ஏட்டில் இருப்பதை மட்டுமே இலக்கியம் என்று கொண்டு வாய்மொழிப் பாடலை வெகுகாலம் ஒதுக்கிவைத்த நம் துறைக்கு இது புதிய கதை அன்று.

மாற்றம் மெல்ல வந்தது. 1991இல் அமெரிக்காவில் இரு குழுக்கள், வளர்ச்சிக் காரணி ஒன்று தன் ஏற்பியோடு செம்மையாக இணைந்து வேலை செய்ய ஹெப்பரான் சல்ஃபேட் தேவை என்று காட்டின. ஆனால் அது தட்டில் வளர்த்த செல்களில் கண்டது. உயிருள்ள உடலில், வளரும் உறுப்பில் அது உண்மையா என்பதற்கு விடை ஈயின் கண்ணோரத்திலிருந்து வந்தது.

*

ஈயின் சிறுகண்களில் உருவான ஒளியுணர் செல்கள் மூளையை நோக்கித் தம் நரம்பிழைகளை அனுப்புகின்றன. அவை போய்ச் சேரும் இடத்தில் மூளையின் செல்கள் காத்திருக்கின்றன. இழை வந்து தொட்டதும்தான் அவை மேலும் பிரிந்து பெருகி, வந்தவருக்கு வேண்டிய நரம்பு செல்களை ஆயத்தம் செய்கின்றன. இழைகளின் வழியே கண் அனுப்பும் செய்தியும் அதே ஹெட்ஜ்ஹாக்தான் என்பதை 1996இல் ஹுவாங், குன்ஸ் இருவரும் காட்டினர். கண் தனக்கு வேண்டிய மூளைப்பகுதியைத் தானே தூண்டிக் கட்டிக்கொள்கிறது.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் செலெக், ஹிரோஷி நகாட்டோ ஆகியோர் இந்தச் செல்பிரிவு தாமதப்படும் பிறழ்வுகளைத் தேடினர். 1995இல் ஒன்றை அறிவித்தனர். 'பிரிவு இயல்புமீறித் தாமதம்' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்து அதற்கு 'டாலி' என்று பெயர். டாலி கெட்ட ஈக்களில் மூளையின் அப்பகுதியிலும் வளரும் கண்வட்டிலும் செல்பிரிவு பிறழ்ந்தது. வளர்ந்த ஈயின் கண், உணர்கொம்பு, இறகு, பிறப்புறுப்பு ஆகியவற்றிலும் குறைகள் இருந்தன. மரபணுவைப் படித்துப் பார்த்தபோது கிடைத்தது கட்டளை தரும் புரதமும் அன்று, கட்டளை கேட்கும் ஏற்பியும் அன்று. ஹெப்பரான் சல்ஃபேட் சங்கிலிகளைச் சுமந்தபடி செல்லின் புறத்தில் ஒரு கொழுப்பு நங்கூரத்தால் நிற்கும் புரோட்டியோகிளைக்கன். கிளிப்பிகன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. வைக்கோல் என்று கருதப்பட்ட குடும்பத்தில் ஒருவர் இல்லாததால் வீடே தாமதமாகிறது!

அதன்பின் ஐந்தாறு ஆண்டுகளில் கதவுகள் வரிசையாகத் திறந்தன. 1997இல் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியே ஒரே மரபணுவை வந்தடைந்தன. அதன் ஒரு பெயர் 'சுகர்லெஸ்', அதாவது சர்க்கரையிலி. சங்கிலிக்கு வேண்டிய மூலச் சர்க்கரையை ஆக்கும் நொதி அது. அது இல்லாத கருவின் தோற்றம், விங்லெஸ் இல்லாத கருவின் தோற்றத்தை ஒத்திருந்தது. சொல் இருந்தும் சொல்லாததுபோல! அதே ஆண்டில் செலெக்கின் குழு டாலிக்கும் டி.பி.பி.க்கும் உள்ள உறவைக் காட்டியது. 1998இல் ஹார்வர்டில் நார்பர்ட் பெரிமானின் ஆய்வகம், சங்கிலியை நீட்டும் நொதி கெட்டால் ஹெட்ஜ்ஹாக் அடுத்த செல்களுக்குப் பரவுவது நின்றுபோகிறது என்று கண்டது. 1999இல் அவரும் ஷின்ஹுவா லின்னும், அவர்களுக்கு இணையாக இன்னொரு குழுவும், விங்லெஸ் செய்தியைச் செல் பெறுவதற்கு டாலி உதவுவதை நிறுவினர். அந்த ஆய்வில் வந்த இன்னொரு மரபணுவின் பெயர் 'சல்ஃபேட்லெஸ்'. இத்தனை 'இலி'களும் சேர்ந்தே அந்தச் சர்க்கரையின் இருப்பை அறிவித்தன.

ஈயிடம் உள்ள கிளிப்பிகன்கள் இரண்டு: டாலி, அதன் இணையான டாலி-லைக். இவற்றோடு சிண்டிகன் என்ற வேறொரு வகைப் புரோட்டியோகிளைக்கனும் உண்டு. 2005இல் செலெக்கின் குழுவினர், கண்ணிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் மூளையில் சரியான இடத்தைச் சேர டாலி-லைக், சிண்டிகன் இரண்டும் தேவை என்றும், ஒன்றின் வேலையை மற்றது செய்துவிடுவதில்லை என்றும் காட்டினர். வேலை என்று பார்த்தால் பலவகை. வரும் செய்தியைப் பற்றி வைத்துக்கொள்ளுதல். ஏற்பியின் கையில் கொடுத்தல். அடுத்த செல்லுக்கு நகர்த்துதல். சில நேரம் கொடுக்காமல் மறைத்தல். இறகு வட்டில் செய்த ஆய்வுகளில் டாலி-லைக் ஒரு விந்தையைக் காட்டியது. விங்லெஸ் குறைவாக உள்ள இடத்தில் அது செய்தியை வலுப்படுத்துகிறது. மிகுதியாக உள்ள இடத்தில் அதே டாலி-லைக் செய்தியை மட்டுப்படுத்துகிறது. 2020இல் லண்டனில் ஜான்-பால் வின்சென்ட்டின் குழு, விங்லெஸின் கொழுப்புத் துணுக்கை நீர் தீண்டாதபடி கிளிப்பிகனின் புரத உடலே ஒரு மறைவிடத்தில் பொதிந்து காக்கிறது என்று காட்டியது. ஆக, சர்க்கரை மட்டுமன்று. அதைச் சுமக்கும் உடலுக்கும் பங்குண்டு. கொழுப்பு எப்படி நீர்வெளியைக் கடக்கிறது என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

*

இவ்வரலாற்றின் முக்கியமான ஏடு ஒன்று ஏற்காட்டிலிருந்து நான்கைந்து மணி நேரப் பயணத் தொலைவில் எழுதப்பட்டது. அதன் தொடக்கம் ஒபைத் சித்திகி. அலிகாரிலும் கிளாஸ்கோவிலும் பயின்ற அவர், 1962இல் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹோமி பாபாவின் அழைப்பில் சேர்ந்து மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். பிறகு கலிபோர்னியா சென்று, கண்ணின் சாலை விளக்கிய அதே பென்சருடன் பணியாற்றினார். வெப்பம் கூடினால் செயலிழக்கும் ஈக்களைப் பற்றி இருவரும் எழுதிய கட்டுரையும் 1976இல்தான் வந்தது. 1990களில் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் அவர் தலைமையில் உருவானது. 2013இல் அவர் மறைந்தார். இந்தியாவில் ஈயை வைத்து உயிரின் அடிப்படைக் கேள்விகளைக் கேட்கலாம் என்ற துணிவை ஒரு தலைமுறைக்கு ஊட்டியவர்களில் அவர் முதன்மையானவர்.

அந்த மையத்தில் சத்யஜித் மேயர், நேகா வியாஸ், அ.மனோன்மணி, கே.விஜயராகவன் உள்ளிட்ட பலர் சேர்ந்து 2008இல் 'செல்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். செல்லின் மேற்பரப்பில் ஹெட்ஜ்ஹாக் தனித்தனியாக நிற்பதில்லை. சாதாரண நுண்ணோக்கிக்கும் புலப்படாத சிறு கூட்டங்களாக நெருங்கி நிற்கிறது. அக்கூட்டங்கள் மேலும் திரண்டு, ஹெப்பரான் சல்ஃபேட் புரோட்டியோகிளைக்கன்கள் இருக்கும் இடத்திலேயே காணப்படுகின்றன. ஹெட்ஜ்ஹாக்கின் ஒரே ஒரு அமினோ அமிலத்தை, ஒரு லைசினை, அவர்கள் மாற்றிப் பார்த்தனர். மாற்றப்பட்ட ஹெட்ஜ்ஹாக் தன்னைச் சுரந்த செல்லிடமே பேசவல்லதாக இருந்தது. ஆனால் நெருங்கிய கூட்டம் சேர முடியவில்லை, புரோட்டியோகிளைக்கனோடு உறவாட முடியவில்லை, பிற செல்களுக்குச் செய்தி அனுப்பவும் முடியவில்லை. தனக்குள் பேசுவதற்கும் பிறரோடு பேசுவதற்கும் உள்ள வேறுபாடு ஒரு லைசினில் அடங்கியிருந்தது.

*

இனி இடையியலுக்கு வருகிறேன்.

தொல்காப்பியர் பெயருக்கு ஓர் இயல், வினைக்கு ஓர் இயல் வகுத்தபின் இடைச்சொல்லுக்கும் தனியே ஓர் இயல் வகுத்தார். இடைச்சொல் தனித்து இயங்காது. பெயரோடும் வினையோடும் சேர்ந்தே பொருள்படும் என்பது அவர் கொள்கை. தனித்துப் பொருளில்லை என்பதால் அதை அவர் விட்டுவிடவில்லை என்பதே இங்கு நாம் கவனிக்கவேண்டியது. 'தம்பி அண்ணன் அடித்தான்' என்று சொன்னால் அடித்தவர் யார், அடிபட்டவர் யார்? பெயர்கள் இருக்கின்றன, வினை இருக்கிறது, செய்தி இல்லை. 'ஐ' என்ற ஓர் உருபு தம்பியைச் சேர்ந்தால் ஒரு கதை. அண்ணனைச் சேர்ந்தால் வேறு கதை. 'கண்ணன் வந்தான்' என்பதற்கும் 'கண்ணனும் வந்தான்' என்பதற்கும் இடையே ஓர் 'உம்' கொண்டுவரும் கூட்டத்தை நாம் அறிவோம்.

டாலியும் டாலி-லைக்கும் அத்தகையவை. அவை செய்தி அல்ல. செய்தியைக் கேட்கும் செவியும் அல்ல. எந்தச் செய்தி எந்தச் செல்லை எந்த அளவில் சார்கிறது என்பதை நிலைநிறுத்துபவை. ஒரே 'உம்' ஓரிடத்தில் எண்ணும், ஓரிடத்தில் சிறப்பிக்கும், ஓரிடத்தில் ஐயுறும் என்று பகுத்துச் சொல்வது நம் இலக்கணம். ஒரே டாலி-லைக் ஓரிடத்தில் செய்தியை மிகுவித்தும் ஓரிடத்தில் குறைத்தும் நிற்கிறது. ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக்கூடாது. மொழி வேறு, உடல் வேறு. ஆனால் பெயரையும் வினையையும் கண்டறிந்தால் தொடர் விளங்கிவிடும் என்று எண்ணிய ஓர் அறிவுத்துறை, இடையில் நிற்பதற்கு இயல் வகுக்க ஏறக்குறைய 80 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்ற வரலாறு, இலக்கணம் படித்தவனுக்குச் சும்மா கடந்துபோகக்கூடியதாக இல்லை.

அந்தத் தாமதம் ஏட்டளவில் நின்றதும் அன்று. மனிதரிடம் கிளிப்பிகன்கள் 6 உண்டு. அவற்றுள் மூன்றாவது கெட்டால் குழந்தை கருவிலேயே அளவுமீறி வளர்ந்து பல உறுப்புக் குறைகளோடு பிறக்கும் என்பது 1996இல் தெரியவந்தது. சிலருக்கு எலும்புகளில் பல இடங்களில் முண்டுகள் வளரும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அந்நோய்க்குக் காரணமான மரபணு எது என்று முன்பே தெரிந்திருந்தும் அது என்ன செய்கிறது என்று தெரியாதிருந்தது. பெரிமானின் ஆய்வகம் 1998இல் ஈயில் கண்டது அதே மரபணுவின் ஈ வடிவத்தைத்தான். சர்க்கரைச் சங்கிலியை நீட்டும் நொதியே இங்கும் கெட்டிருக்கிறது. ஈரல் புற்றுநோயை இனங்காண நோயியலாளர்கள் பார்க்கும் அடையாளங்களில் அந்த மூன்றாம் கிளிப்பிகனும் ஒன்று. வைக்கோல் என்று ஒதுக்கியதில் குழந்தைகளின் நோய்க்கு விடை இருந்தது.

இவ்வரலாறு தமிழில் எழுதப்படவேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுவே. புரோட்டியோகிளைக்கனுக்குத் தமிழ்ச்சொல் ஆக்குவது பெரிய காரியமில்லை, ஆக்கினால் நல்லதுதான். அதைவிட, இடையில் நிற்பதைப் பெயருக்கும் வினைக்கும் நிகராக வைத்து ஆராயும் பழக்கம் நம் மொழியின் மிகப் பழைய நூலிலேயே இருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கொண்டு இன்றைய அறிவியலைப் படித்தால் நமக்கு அது அந்நியமாக இராது. ஒரே டாலி, ஒரு திசுவில் ஒரு செய்திக்கும் மற்றொரு திசுவில் வேறு செய்திக்கும் துணைநிற்பதை எது தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு இன்னும் முழுமையான விடை இல்லை. சங்கிலியில் சல்ஃபேட் அமையும் ஒழுங்கு ஒரு பங்கு வகிக்கலாம். அந்த ஒழுங்கைப் படிக்கும் இலக்கணம் இன்னும் எழுதி முடியவில்லை.

நம் வகுப்பறைகளில் இடையியல் பெரும்பாலும் ஐந்து மதிப்பெண் வினா. பெயரியலும் வினையியலும் முடிந்தபின் பருவத்தேர்வுக்கு நாள் இருந்தால் நடத்தப்படுவது. 'ஐயா, தனியாப் பொருளே இல்லாத சொல்லுக்கு எதுக்கு ஒரு இயல்?' என்று கேட்கும் மாணவர் ஆண்டுதோறும் ஒருவராவது உண்டு. நல்ல கேள்வி. அதற்கு இப்போதெல்லாம் ஓர் ஈயின் கண்ணிலிருந்து விடை சொல்லத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.